கப்பல்களுக்கு வேஷம் போட்ட ஓவியர்

குண்டூசியை ஒளித்து வைக்கலாம். ஒரு மூட்டை அரிசியைக்கூட ஒளித்து வைக்கலாம். 400 அடி நீளமுள்ள சரக்குக் கப்பலை நடுக்கடலில் எப்படி ஒளித்து வைப்பது?

முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்த 1917-ம் ஆண்டில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இங்கிலாந்து தவித்தது. கடற்படைத் தளபதிகளும் விஞ்ஞானிகளும் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். கடைசியில் வழி சொன்னவர் ஓர் ஓவியர். அவருக்கு அந்த யோசனை உதித்த இடம் ஓடும் ரயில்.

அவர் பெயர் நார்மன் வில்கின்சன். கடலையும் கப்பலையும் வரைவதுதான் அவர் தொழில். தூரிகையும் வர்ணமும் மட்டுமே தெரிந்த அந்த மனிதர், ஆயிரக்கணக்கான மாலுமிகளின் உயிரைக் காப்பாற்ற எடுத்த முயற்சியின் கதை இது.

பாட்டுப் பாடிய சிறுவன்

வில்கின்சன் 1878-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். சிறு வயதில் நல்ல குரல். அதனால் லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தின் பாடகர் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் மனம் பாட்டில் நிற்கவில்லை, படத்துக்குப் போய்விட்டது.

ஓவியத்தை அவர் முறையாகப் படித்தது கொஞ்ச காலம்தான். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை ஒட்டிய சவுத்சீ என்ற ஊரின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். போர்ட்ஸ்மவுத், பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய தளம். எப்போதும் கப்பல்கள் வரும், போகும். அவருக்குக் கிடைத்த பெரிய வாத்தியார் அந்தத் துறைமுகம்தான் என்று சொல்ல வேண்டும்.

21-வது வயதில் பாரீஸ் நகரத்துக்குப் போனார். மனித உருவங்களை வரையக் கற்றுக்கொண்டார். ஆனால் தனக்கு ஏற்றது கடல்தான் என்பது அங்கேதான் அவருக்கு உறுதியாயிற்று. அதற்கு முன்பே, 1898-ம் ஆண்டில், இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற பிரபல வாரப் பத்திரிகை அவருடைய படங்களை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பத்திரிகைக்கு வரைந்தார்.

ரயில்வே கொடுத்த வேலை

அந்தக் காலத்து ரயில்வே சுவரொட்டிகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஊர்ப் பெயர்கள், கட்டண விவரம், நேர அட்டவணை, நான்கைந்து குட்டிப் படங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் திணித்திருப்பார்கள். பிளாட்பாரத்தில் ஓடுகிறவன் எதைப் படிப்பான்?

வில்கின்சன் அதை மாற்றியவர்களில் ஒருவர். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்கு அவர் வரைந்த சுவரொட்டிகளில் ஒரே ஒரு காட்சி இருக்கும். பெரிய கடல், அதில் ஒரு கப்பல், கீழே நாலு வார்த்தை. தூரத்தில் வருகிறவன் கண்ணுக்கு எது படும், எது படாது என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் அவர் செய்த பெரிய காரியத்துக்கு இதுவே முதல் பாடம்.

டைட்டானிக்கோடு மூழ்கிய படம்

அவர் புகழ் கப்பல் கம்பெனிகளுக்கும் எட்டியது. ஒயிட் ஸ்டார் கம்பெனி ஒலிம்பிக், டைட்டானிக் என்ற இரண்டு ராட்சசக் கப்பல்களைக் கட்டியபோது, முதல் வகுப்பு புகை பிடிக்கும் அறைகளில் மாட்ட இரண்டு படங்களை அவரிடம் கேட்டு வாங்கியது. ஒலிம்பிக் கப்பலுக்கு நியூயார்க் துறைமுகத்தையும், டைட்டானிக் கப்பலுக்கு பிளிமவுத் துறைமுகத்தையும் வரைந்து கொடுத்தார்.

1912-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி விடியற்காலை டைட்டானிக் மூழ்கியது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். கணப்பு அடுப்புக்கு மேலே தொங்கிய வில்கின்சனின் படமும் அவர்களோடு அட்லாண்டிக் கடலின் அடிக்குப் போய்விட்டது.

படம் போனால் இன்னொன்று வரையலாம். மனிதர்கள் போனால் போனதுதான். கடல் எவ்வளவு பெரிய கப்பலையும் விழுங்கும் என்பதை அந்த ஓவியருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரக்குக் கப்பல்களுக்கு வந்த ஆபத்து

1914-ல் போர் மூண்டது. வில்கின்சன் கடற்படையின் தொண்டர் பிரிவில் சேர்ந்தார். துருக்கியின் டார்டனல்ஸ் பகுதியிலும் ஜிப்ரால்டரிலும் ரோந்துப் பணி பார்த்தார். டார்டனல்சில் கண்ட காட்சிகளை வர்ணப் படங்களாக வரைந்து 1915-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். 1917-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் கண்ணிவெடிகளை அகற்றும் பிரிவில் இருந்தார்.

பிரிட்டன் ஒரு தீவு. கோதுமை, இறைச்சி, பஞ்சு, எண்ணெய் எல்லாம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். சரக்குக் கப்பல் நின்றால் அடுப்பு அணைந்துவிடும். இது ஜெர்மனிக்கு நன்றாகத் தெரியும்.

1917 பிப்ரவரி 1-ந் தேதி முதல், எதிரி நாட்டுக் கப்பல் என்றாலும் நடுநிலை நாட்டுக் கப்பல் என்றாலும், முன்னறிவிப்பு இல்லாமல் மூழ்கடிப்போம் என்று ஜெர்மனி அறிவித்தது. ஏப்ரல் மாதம் ஒன்றில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் கடலுக்குப் பலியாயின. இப்படியே போனால் சில மாதங்களில் நாடு பட்டினி என்ற நிலை.

அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் போர் வீரர்கள் அல்ல. கூலிக்கு வேலை செய்தவர்கள். கரி தள்ளுகிறவர்கள், எண்ணெய் போடுகிறவர்கள், சமையல்காரர்கள், மேல்தளம் கழுவுகிறவர்கள். அவர்களில் ஏராளமானோர் இந்தியர்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆள் எடுத்து ஏற்றினார்கள். அவர்களுக்கு லஸ்கர் என்று பெயர்.

டார்பிடோ வந்து மோதுவது கப்பலின் வயிற்றில். அங்கேதான் எஞ்சின் அறை. கொதிகலன் முன்னால் கரி தள்ளிக் கொண்டிருப்பவனுக்கு மேலே ஏறி வர நேரம் இருக்காது. அந்தப் போரில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் உயிர் இழந்தார்கள்.

குளிர்ந்த ரயில் பெட்டி

1917 ஏப்ரல் மாதக் கடைசி. வார விடுமுறையில் மீன் பிடிக்கப் போயிருந்த வில்கின்சன் ரயிலில் டெவன்போர்ட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்தார். அதிகாலை நேரம். பெட்டியில் தாங்க முடியாத குளிர். அவர் மனதில் கப்பல்கள் ஓடிக் கொண்டிருந்தன.

கறுப்பு வர்ணம் பூசிய கப்பல் எவ்வளவு தூரத்தில் இருந்தும் கண்ணில் படுகிறது. வெள்ளை அடித்தால் மேகமூட்டத்தில் சரி, வெயில் பட்டால் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறம் ஒரு வெளிச்சத்துக்குப் பொருந்தும், இன்னொரு வெளிச்சத்துக்குப் பொருந்தாது. வானம் நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும். போதாததற்குப் புகைப்போக்கி வேறு கரும்புகையைக் கக்கிக் காட்டிக் கொடுக்கும்.

ஆகவே கப்பலை மறைக்கவே முடியாது. அது தெரியட்டும். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று எதிரிக்குப் புரியாமல் செய்தால் என்ன?

திடீரென்று உதித்த யோசனை இதுதான். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் டார்பிடோவை எப்படிக் குறி பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இதன் அருமை புரியும்.

குறி தவறும் கணக்கு

புறப்பட்டு ஓடும் ரயிலில் இருப்பவருக்குக் கீழே நிற்கிறவர் ஒரு பொட்டலத்தை வீசுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஜன்னலைப் பார்த்து வீசினால் பொட்டலம் பின்னால் விழும். ஜன்னல் வரப்போகும் இடத்தைப் பார்த்து வீச வேண்டும். டார்பிடோவும் அப்படித்தான்.

மணிக்கு 18 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் சரக்குக் கப்பல் ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் நகர்ந்துவிடும். அது கப்பலின் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரு கிலோ மீட்டர் தூரத்தில் இருந்து விட்ட டார்பிடோ வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். ஆகவே நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி மூன்று விஷயங்களைச் சரியாகக் கணிக்க வேண்டும். கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகம், எந்தத் திசை.

இந்தக் கணக்கைப் போட அவருக்கு உள்ள கருவி பெரிஸ்கோப் என்ற ஒரு குழாய். அதையும் அதிக நேரம் தண்ணீருக்கு மேலே நீட்ட முடியாது. நீட்டினால் அவர் தலைக்கே ஆபத்து. சில விநாடி பார்ப்பார், உள்ளே இழுத்துக் கொள்வார்.

அந்தச் சில விநாடியில் அவரைக் குழப்ப வேண்டும். கப்பலின் உடம்பு முழுவதும் கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று சாய்வான பட்டைகள், வளைவுகள், கட்டங்கள். முன்பகுதி எங்கே முடிகிறது என்றே தெரியாதபடி கோடுகள். பார்க்கிறவருக்குக் கப்பல் தன்னை நோக்கி வருவதுபோல் இருக்கும், உண்மையில் விலகிப் போய்க் கொண்டிருக்கும். திசையில் சில டிகிரி தவறினால் போதும். டார்பிடோ கடலைக் கிழித்துக் கொண்டு வெறுமனே போய்விடும்.

இதற்கு டாஸில் பெயிண்டிங் என்று பெயர் வைத்தார்கள். கண்ணை மயக்கும் வர்ணப் பூச்சு என்று பொருள்.

பொம்மைக் கப்பல்கள்

வில்கின்சன் தன் யோசனையை மேலதிகாரிகளிடம் சொன்னார். கடற்படை, இண்டஸ்ட்ரி என்ற சிறிய சரக்குக் கப்பலுக்கு அந்த வர்ணம் பூசிச் சோதனை செய்தது. பிறகு உத்தரவுகள் வரிசையாக வந்தன.

வேலை செய்ய இடம் வேண்டுமே! லண்டன் ராயல் அகாடமி என்ற புகழ்பெற்ற ஓவியக் கழகம் தன் கட்டிடத்தில் அறைகளை ஒதுக்கிக் கொடுத்தது. அங்கே ஓவியர்களும், மரப் பொம்மை செய்பவர்களும், ஓவியக் கல்லூரிகளில் படித்த இளம் பெண்களும் வேலைக்கு அமர்ந்தார்கள்.

முதலில் ஒவ்வொரு கப்பலுக்கும் மரத்தில் ஒரு சிறிய பொம்மை செய்வார்கள். அதன் மேல் கோலம் போடுவார்கள். சுழலும் மேஜையில் அதை வைத்து, பின்னால் வானம் போன்ற திரை கட்டி, பெரிஸ்கோப் வழியாகப் பார்ப்பார்கள். பார்க்கிறவர் திசையைச் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கோலம் தோல்வி. அழித்துவிட்டு மறுபடியும் ஆரம்பம். பார்க்கிறவர் ஏமாந்தால் வெற்றி. உடனே அதை வரைபடமாக்கித் துறைமுகங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே சாரத்தில் தொங்கியபடி தொழிலாளர்கள் அதைக் கப்பலில் தீட்டுவார்கள். இடப் பக்கம் ஒரு கோலம், வலப் பக்கம் வேறு கோலம்.

ஒரு நாள் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பார்க்க வந்தார். அவர் இளமையில் கடற்படையில் வேலை பார்த்தவர், கப்பல் விஷயம் தெரிந்தவர். பெரிஸ்கோப்பில் பார்த்துப் பொம்மைக் கப்பலின் திசையைச் சொன்னார். நேரில் போய்ப் பார்த்தால் அது வேறு திசையில் நின்றது. மன்னரே ஏமாந்து போனார்.

போர் முடிவதற்குள் பிரிட்டனில் மட்டும் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த வேஷத்தைப் போட்டுக் கொண்டன. 1918 தொடக்கத்தில் வில்கின்சன் அமெரிக்காவுக்குப் போய் அந்த நாட்டுக் கடற்படைக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்.

அதே அறைகளில் வேலை பார்த்த ஈவ்லின் மெக்கன்சி என்ற பெண்ணை 1918-ல் மணந்து கொண்டார். அவர்களுக்கு ஒரு மகன், ஒரு மகள்.

அக்காள் கப்பல் வென்றது

டைட்டானிக் கப்பலின் அக்காள் ஒலிம்பிக் போர்க் காலத்தில் துருப்புகளை ஏற்றும் கப்பலாக மாறியது. அதற்கும் டாஸில் வர்ணம் பூசினார்கள். 1918 மே 12-ந் தேதி இங்கிலீஷ் கால்வாய் அருகே யு-103 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதன் எதிரே வந்தது. ஒலிம்பிக் ஓடி ஒளியவில்லை. நேராகப் போய் மோதி அதை மூழ்கடித்தது. தங்கைக் கப்பல் வில்கின்சனின் படத்தோடு மூழ்கியது. அக்காள் கப்பல் அவருடைய வர்ணத்தைப் பூசிக்கொண்டு எதிரியை மூழ்கடித்தது.

பலன் கிடைத்ததா?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வர்ணம் பூசியதால்தான் இத்தனை கப்பல்கள் தப்பின என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. 1918-ல் கடற்படையே ஒரு விசாரணை நடத்தியது. வர்ணம் பூசிய கப்பல்கள் அதிகம் தப்பின என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. கப்பல் நஷ்டம் குறைந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. 1917 நடுவில் இருந்து சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, போர்க் கப்பல் காவலோடு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஆனால் வர்ணப் பூச்சை நிறுத்தச் சொல்லி யாரும் சிபாரிசு செய்யவில்லை. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மாலுமிகளுக்கு அதனால் தைரியம் வந்தது. நம்மைக் காப்பாற்ற ஏதோ செய்திருக்கிறார்கள் என்ற நினைப்போடு இரவில் கண்ணை மூடினார்கள். ஆயுதம் இல்லாமல் கடலுக்குப் போகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சர்ச்சையும் கிளம்பியது. ஜான் கிரஹாம் கெர் என்ற கிளாஸ்கோ நகர விலங்கியல் பேராசிரியர், இந்த யோசனை தன்னுடையது என்றார். வரிக்குதிரை போன்ற மிருகங்களின் உடம்பில் உள்ள பட்டைகளைப் போலக் கப்பலுக்கும் பூசலாம் என்று அவர் 1914-லேயே எழுதியிருந்தார். ஆனால் அவர் விரும்பியது கப்பலின் உருவத்தை மறைப்பது. வில்கின்சன் விரும்பியது திசையைக் குழப்புவது. கண்டுபிடிப்பாளர்களுக்குப் பரிசு தரும் அரசாங்கக் குழு 1922-ல் வில்கின்சன் பக்கமே தீர்ப்புச் சொல்லி, 2 ஆயிரம் பவுன் பரிசு கொடுத்தது.

மீண்டும் தூரிகை

போர் முடிந்ததும் வில்கின்சன் மீண்டும் ரயில்வே சுவரொட்டிக்குத் திரும்பினார். 1924-ல் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காக, ராயல் அகாடமியின் பெரிய ஓவியர்களையே சுவரொட்டி வரைய வைத்தார். பணக்காரர் வீட்டுச் சுவரில் மட்டும் தொங்கிய ஓவியம் பிளாட்பாரத்துக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பயணியும் காசு கொடுக்காமல் அதைப் பார்த்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ரேடார் கருவியும் விமானமும் பெருகிவிட்டதால் டாஸில் வர்ணத்துக்குப் பழைய மதிப்பு இல்லை. இந்தத் தடவை வில்கின்சன் விமான தளங்களை எதிரி விமானத்தின் கண்ணில் இருந்து மறைக்கும் வேலையைப் பார்த்தார்.

அதோடு தன் பழைய தொழிலையும் விடவில்லை. கடலில் நடந்த போரை 54 படங்களாக வரைந்தார். 1940-ல் டன்கர்க் கடற்கரையில் சிக்கிய துருப்புகளை மீட்கச் சென்ற சின்னஞ்சிறு படகுகளும் அவற்றில் உண்டு. 1944 ஜூன் மாதம் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அவருக்கு வயது 65. அப்போதும் ஜெர்விஸ் என்ற நாசகாரிக் கப்பலில் ஏறிப்போய் நேரில் பார்த்தார். அந்த 54 படங்களையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவை லண்டன் கிரீன்விச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நீர்வர்ண ஓவியர் கழகத்தின் தலைவராக 1936 முதல் 1963 வரை இருந்தார். 1969-ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1971-ம் ஆண்டு மே மாத இறுதியில், தமது 92-வது வயதில் காலமானார்.

பெயர் தெரியாதவர்கள்

மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் நம்மவர்கள் எத்தனையோ பேர் தினமும் போகிறோம், வருகிறோம். அங்கே இந்திய மாலுமிகள் இல்லத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த போரில் கடலோடு போய், கல்லறைகூட இல்லாமல் போன 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளின் நினைவாக வைத்தது அது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கும் அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது.

வீட்டை விட்டு, ஊரை விட்டு, மாதச் சம்பளத்துக்காகக் கடல் ஏறியவர்கள் அவர்கள். மணியார்டரை எதிர்பார்த்து ஊரில் யாரோ காத்திருந்திருப்பார்கள். வில்கின்சன் வர்ணம் பூசிய கப்பல்களின் அடித்தளத்தில் கரி தள்ளியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்.

எத்தனை பேரை அந்த வர்ணம் காப்பாற்றியது என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு டார்பிடோ குறி தவறிப் போனால், அது வர்ணத்தாலா, அலையாலா, அதிர்ஷ்டத்தாலா என்று யார் கண்டது? ஆனால் ஆபத்தில் இருக்கிறவனுக்குத் தன் கையில் உள்ள தொழிலைக் கொண்டு என்ன செய்யலாம் என்று ஒரு மனிதர் குளிர்ந்த ரயில் பெட்டியில் உட்கார்ந்து யோசித்தார். அடுத்த முறை மஸ்ஜித் பந்தர் பக்கம் போகும்போது அந்த மாலுமிகளை ஒரு நிமிடம் நினைத்துக் கொள்வோம். கூடவே அந்த ஓவியரையும் நினைத்துக் கொள்வோம்.